எங்கள் கிணற்றுக்கு ஓர் இங்கிலீஷ் வார்த்தை

இன்று காலை சுகாதார இன்ஸ்பெக்டர் மயிலாப்பூரில் எங்கள் வீட்டுக் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு, "ஸ்டாக்னன்ட் சார்" என்றார்.

எனக்கு அர்த்தம் தெரியும். ஓடாமல் தேங்கிய தண்ணீர். சாக்கடைக்கும் குட்டைக்கும் சொல்கிற வார்த்தை என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

"கிணத்துத் தண்ணி எங்கேயாவது ஓடுமோ?" என்றாள் என் மனைவி, கதவுக்குப் பின்னாலிருந்து.

"ஓட வேணாம்மா, இறைச்சா போதும். எத்தினி நாளா இறைக்கலை?"

குழாய் வந்த பிறகு கிணறு மடித் தண்ணீருக்கு மட்டும்தான். அப்பாவின் திவசம் வருகிறதே, யாரும் தொட்டுவிடக் கூடாதென்று கயிற்றையும் வாளியையும் கழற்றி உள்ளே வைத்திருந்தோம்.

அவர் தன்னுடைய தகர டப்பாவை இறக்கித் தண்ணீர் எடுத்து, கண்ணாடிப் புட்டியில் ஊற்றி வெயிலில் காட்டினார். புட்டி முழுக்கப் புழு நெளிந்தது.

"அத்தினியும் நாளைக்குக் கொசு சார். வீட்டுல யாருக்காவது குளிர் ஜுரம் இருக்குதா?"

உள்ளே எங்கள் குழந்தை நடுங்குகிற நடுக்கத்தில் கட்டில் ஆடும் சத்தம் முற்றத்துக்கே கேட்டது.

அவர் கையோடு கொண்டுவந்திருந்த ஒரு சட்டியைக் கிணற்றில் கவிழ்த்தார். பொடி மீன்கள். புழுவைத் தின்றுவிடுமாம்.

என் மனைவி தடுக்கவில்லை. அவ்வளவு ஆசாரம் பார்ப்பவள், குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்க்க உள்ளே போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை திவசம். வாளியில் மீன் ஏறி வந்தால் சாஸ்திரிகளிடம் என்ன சொல்வது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அதற்குள் குழந்தைக்கு ஜுரம் விட்டால், மீனுக்கும் ஓர் இலை போடத் தயார்.