கரு எப்போது கண் விழிக்கும்?

எங்கள் வேலையில் குழந்தையைவிட மல்லிகைப்பூவைத்தான் அதிகம் பார்க்கிறோம். தேனாம்பேட்டையில், கருவை ஆய்வகத்தில் உருவாக்கி வயிற்றில் வைக்கிற ஒரு குழந்தைப்பேறு மருத்துவமனையில் நான் ஆயா. சேர்ந்த முதல் வாரமே ஆய்வகத்து ஷீலா டாக்டர் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார்: கருவுக்குள் அப்பா ஜீன், அம்மா ஜீன் இரண்டும் இருந்தாலும் முதல் இரண்டு நாள் பெரும்பாலும் தூக்கம்தான். அதுவரை அம்மாவின் முட்டை கட்டிக்கொடுத்த சாப்பாட்டில் பிழைப்பு ஓடும். மூன்றாம் நாள் வாக்கில் ஜீன்கள் விழித்து வேலையைக் கையில் எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் கரு அதோடு நின்றுவிடும். பிள்ளைகளை எழுப்பிச் சலித்த தாய்மார்களே, உங்களுக்கு விளக்கவா வேண்டும்?

நாலு முழம்

வாசனை கருவுக்கு ஆகாது. அதனால் ஆய்வகத்துப் பக்கம் வருகிறவர்களின் தலைப்பூவைக் கேட்டு வாங்கி வைப்பது என் பொறுப்பு. தி.நகர் ஜவுளிக்கடை சிவகாமியம்மா மருமகள் வள்ளியோடு வந்தார். வள்ளிக்குக் கல்யாணமாகி ஏழு வருஷம். தேறியது ஒரே ஒரு கரு. மாமியார் தலையில் நாலு முழம் மல்லி. மனசே இல்லாமல் எடுத்துக் கொடுத்துவிட்டுக் கேட்டார்: "பூ வாசமே தாங்காதுன்னா, பொறந்து வந்து எங்க தெருவுல எப்படித்தான் குடியிருக்கும்?"

யார் சாயல்?

இரண்டாம் நாள் மாமியார் தனியாக வந்து, கரு யார் சாயல் என்று கேட்டார். இப்போதைக்கு எல்லாம் அம்மா கொடுத்ததுதான், உங்கள் மகனுடைய ஜீன் தூங்குகிறது என்றேன். முகம் சுருங்கும் என்று பார்த்தால் மலர்ந்துவிட்டது. "அப்ப எம்மவன் சாயலேதான். அவனும் பத்து மணிக்கு முன்னால எந்திரிக்க மாட்டான்."

நாலாம் நாள் காலை

கரு மேற்கொண்டு வளர்ந்திருக்கிறதா என்று டாக்டர் உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். வள்ளி முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மாமியார் முருகனைக் கூப்பிட, நான் மாதாவைக் கூப்பிட, ஜெபமாலை பாதியில் இருக்கும்போது என் கை, வீட்டுப் பழக்கத்தில், ஆய்வகக் கதவைத் தட்டிவிட்டது. வாயும் சும்மா இல்லை: "எந்திரிடா, மணி எட்டாச்சு" என்றது.

கதவு திறந்தது. வேலை போச்சு என்று நினைத்தேன். டாக்டர் நேரே வள்ளியிடம் போய், செல்கள் பெருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நன்றாக இருக்கின்றன என்றார். வள்ளி அழுதுகொண்டே சிரித்தாள். அப்புறம்தான் என் பக்கம் திரும்பினார்: "அது ஏற்கெனவே முழிச்சாச்சு மேரிம்மா. நீங்க தட்டினதுல தூக்கிவாரிப் போட்டது எனக்குத்தான்."

மூன்றே நாளில் தானாக எழுந்துகொண்ட அதைப் பார்த்தபிறகு, இருபத்தெட்டு வயதாகியும் நான் எழுப்பிவிட வேண்டியிருக்கிற என் மகனை எதில் சேர்ப்பது என்று தெரியவில்லை.

நாளைக்குக் கருவை வள்ளி வயிற்றில் வைக்கிறார்கள். நீங்கள் கும்பிடுகிற சாமியிடம் அவள் பெயரையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.