பிரேக்கில் ஊற்றிய நல்லெண்ணெய்

சீமைக்குத் திரும்பிய எஸ்டேட் துரையிடம் என் கணவர் வாங்கிய பழைய ரெண்டு சீட்டுக் கார், மூன்று வருஷமாக எங்கள் முற்றத்தில் பிரிந்து கிடந்தது. பஸ் மெக்கானிக்கான அவர் ஞாயிறுதோறும் அதைச் சேர்த்துப் பூட்டுவார். "பொறுட்டி, சிவகிரி வரைக்கும் உன்னைய ஏத்திட்டுப் போறேன்" என்பார்.

எல்லாம் முடிந்த சமயம், பிரேக் எண்ணெய் குறைந்திருக்கிறதே என்று நானாக நல்லெண்ணெய் ஊற்றிவிட்டேன். அதில் உள்ளேயிருக்கும் ரப்பர் ஊதிக் கெட்டுப்போகும் என்று எனக்குத் தெரியாது.

மறுவாரம் நான் பூ வைத்துக் காத்திருந்தேன். முதலில் தனியாக ஓட்டிப் பார்க்கப் போனவர், பனவடலிசத்திரம் ரோட்டிலிருந்து புழுதியோடு நடந்தே வந்தார். பிரேக் பிடிக்காமல் கார் பருத்திக்காட்டுக்குள் இறங்கிவிட்டதாம். அழுதுகொண்டே உண்மையைச் சொன்னேன்.

"நீயும் ஏறியிருந்தா என்னட்டி ஆயிருக்கும்?" என்றார்.

இப்போது அவரைக் கேட்காமல் எந்த எண்ணெயையும் காரில் ஊற்றுவதில்லை. ரப்பர் மாற்றுவதற்காகக் கார் மறுபடி முற்றத்தில் பிரிந்து கிடக்கிறது. என் இடது சீட்டை மட்டும் தினமும் துடைத்து வைக்கிறேன்.