கூடப் பார்த்தவர்

என் அக்காவின் கணவர் எடை அளவுத் துறையில் ஆய்வாளர். கடை கடையாகப் போய்த் தராசுகளைச் சோதிப்பார். சரியாக இருந்தால் முத்திரை வைப்பார், இல்லாவிட்டால் தராசையே தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். எடைக்கற்கள் வைத்த மரப்பெட்டியோடு அவர் தெருமுனையில் திரும்பும்போதே மளிகைக்காரர் தராசுத் தட்டைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார். எந்தக் கடையிலும் ஓசி டீ கூடக் குடித்ததில்லை. தங்கமான மனிதர்தான். ஆனால் தங்கத்தோடு ஒரே வீட்டில் குடித்தனம் நடத்துவது லேசான காரியமில்லை. சாப்பாட்டில் உப்பு கொஞ்சம் தூக்கல் என்று நான் சொன்னால், "எதை வெச்சுச் சொல்றே மாப்ளே?" என்று கேட்பார். நாக்கை வைத்துத்தான் சொல்கிறேன் என்றால் அது அவருக்குப் போதாது.

அவர்களுடைய மகள் வேலை கிடைத்து வெளியூர் போனபோது தன் பழைய கம்ப்யூட்டரை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனாள். கேபிள், இண்டர்நெட் இணைப்புக் கொடுப்பது என் தொழில். நானே கம்பி இழுத்துக் கூடத்து மூலையில் ஜன்னல் பக்கமாக அதைப் பொருத்திக் கொடுத்தேன். அன்றைக்கு என் கையில் சனி உட்கார்ந்திருந்ததோ என்னவோ. மாமா இணையக் கலைக்களஞ்சியத்தைக் கண்டுபிடித்தார். யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்பதில் அவருக்கு நம்பிக்கை இல்லை. யார் எழுதியதையும் யார் வேண்டுமானாலும் நீக்கலாம் என்பதில்தான் ஆள் சொக்கிப்போனார்.

தன் கணக்குக்கு 'முத்திரை' என்று பெயர் வைத்துக்கொண்டு தொலைக்காட்சித் தொடர்களைப் பற்றிய கட்டுரைகளுக்குள் புகுந்தார். ஒரு தொடரைக்கூட உட்கார்ந்து பார்க்கிற பொறுமை அவருக்குக் கிடையாது. ஆனால் ஆதாரமில்லாமல் எழுதுகிறவர்கள் அங்கேதான் மலிந்து கிடந்தார்கள். எந்த மாமியார் எந்த வாரம் செத்தாள், எந்த நடிகை பாதியில் போனாள் என்று ஆளுக்கொன்று எழுதுவார்கள். மாமா போய் 'சான்று?' என்று ஒரு சொல் போடுவார். பதில் வராவிட்டால் வெட்டுவார். அதற்கும் அங்கே மரியாதை இருந்தது. கொஞ்ச காலத்தில் அவரை நிர்வாகி ஆக்கலாமென்று யாரோ முன்மொழிய, வாக்கெடுப்பும் தொடங்கியது. நிர்வாகி என்றால் பிறருடைய கணக்கை முடக்கும் அதிகாரம் உண்டு. அலுவலகத்தில் கிடைக்காத பதவி உயர்வு கிடைக்கப்போவது போல மாமா நடையையே மாற்றிக்கொண்டு திரிந்தார்.

அந்த நேரத்தில்தான் 'ஜன்னலோரம்' வந்து சேர்ந்தது.

ஒரு தையல் மெஷினுக்காக இரண்டு ஓரகத்திகள் முறைத்துக்கொள்கிற பழைய மத்தியானத் தொடர் ஒன்று இருந்தது. அதை ஒளிபரப்பிய சேனலை மூடியே பல வருஷமாகிறது. கடைசியில் மெஷினை விற்றுவிடுவதோடு கதை முடிந்தது என்று கட்டுரையில் இருந்தது. ஜன்னலோரம் என்ற பெயரில் ஒருவர் வந்து கீழே ஒரு வரி சேர்த்தார். அதற்குப் பிறகும் ஒரு பகுதி வந்தது, ஒரே ஒரு முறை ஒளிபரப்பானது, அதில் இளையவள் திரும்பி வந்து, மெஷினை வாங்கியவர் கடையில் அனுமதி கேட்டு, ஒரு சின்னச் சட்டை தைத்துக்கொண்டு போகிறாள் என்று.

மாமா நீக்கினார். ஜன்னலோரம் திரும்பச் சேர்த்தது. மாமா மறுபடி நீக்கினார். தகராறு உரையாடல் பக்கத்துக்குப் போனது. கட்டுரையைப் பற்றி எழுதுபவர்கள் வாதாடிக்கொள்ள ஒதுக்கிய பக்கம் அது. எல்லோரும் படிக்கலாம். சான்று எங்கே என்று முத்திரை கேட்டார். நான் பார்த்தேன் என்றது ஜன்னலோரம். நீங்கள் பார்த்தது சான்றாகாது என்றார் முத்திரை. நான் மட்டுமில்லை, கூட இன்னொருவரும் பார்த்தார் என்று பதில் வந்தது. அப்படியானால் அவரைக் கூட்டி வாருங்கள் என்று இவர் எழுதினார். அவர் மறந்திருக்கலாம் என்றது அது. அதற்கு மாமா எழுதிய பதிலை நானே பிறகு படித்தேன். "மறந்தவர் சாட்சி ஆகமாட்டார். வீட்டில் வேறு வேலை இல்லாமல் மத்தியானத் தூக்கத்தில் கண்ட கனவையெல்லாம் எழுத இது இடமில்லை."

இதோடு நிறுத்தியிருந்தாலாவது பரவாயில்லை. சாப்பிட உட்காரும்போது இந்தச் சண்டையை அக்காவுக்கு வரி வரியாகச் சொல்லிக் காட்டுவார். அந்த லூசு இன்றைக்கு என்ன எழுதியிருக்கிறது தெரியுமா என்று ஆரம்பிப்பார். நான் இருந்த நாட்களில் நானும் சிரித்திருக்கிறேன். அக்கா பரிமாறிக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பாள். ஒருமுறை மட்டும், அந்த ஆள் உண்மையிலேயே பார்த்திருந்தால் என்று கேட்டாள். பார்த்தால் என்ன, எதை வைத்து நம்புவது என்று மாமா மோருக்குக் கை நீட்டினார்.

கொஞ்ச நாளில் ஜன்னலோரத்துக்கு ஆதரவாக இன்னொரு புதுக் கணக்கு முளைத்தது. அதே சட்டையைப் பற்றி, அதே மாதிரி குட்டிக் குட்டி வாக்கியங்களில் எழுதியது. மாமாவுக்கு மூக்கு வியர்த்துவிட்டது. ஒரே ஆள் இரண்டு பெயரில் வந்து தனக்குத்தானே ஜால்ரா போடுவதைக் கைப்பாவை என்பார்கள். அங்கே அது பெரிய குற்றம். கணக்குகள் எந்த இணைப்பிலிருந்து வருகின்றன என்று பார்க்கும் அதிகாரம் உள்ளவர்கள் சிலர் உண்டு. இவற்றைச் சோதியுங்கள் என்று அவர்களிடம் விண்ணப்பம் போட்டுவிட்டு, பிடித்துவிட்டேன் என்று எனக்குப் போன் செய்தார். தராசுக்கு அடியில் காந்தம் வைத்தவனைப் பிடித்த அன்று கேட்ட அதே குரல்.

சோதனையின் முடிவு ஞாயிற்றுக்கிழமை காலை எல்லோரும் பார்க்கும் பக்கத்தில் வந்தது. இரண்டு கணக்கும் ஒருவருடையதே. இன்னொன்றும் போட்டிருந்தார்கள். அவை வருவது முத்திரை பயன்படுத்தும் அதே இணைப்பிலிருந்து, அதே கம்ப்யூட்டரிலிருந்து. அதாவது முத்திரை தன்னோடு தானே சண்டை போட்டுப் பெயர் வாங்கப் பார்த்திருக்கிறார். பத்தி பத்தியாகக் கேலி பறந்தது. வாக்களித்தவர்கள் ஒவ்வொருவராக வாக்கைத் திரும்பப் பெற்றார்கள்.

மாமா என்னை வரச் சொன்னார். போனபோது லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றார். "உன் லைன்ல எவனோ திருட்டுத்தனமா நுழைஞ்சிருக்கான் மாப்ளே" என்றார். மாடி வீட்டு நர்ஸம்மா மேல் சந்தேகம். மத்தியானமெல்லாம் வீட்டில்தான் இருக்கிறாள், சீரியல் சத்தம் கீழே வரைக்கும் கேட்கிறது என்று அடுக்கினார். படியேறிப் போய்க் கேட்டுவிடுவதாகக் கிளம்பியவரைப் பிடித்து உட்காரவைத்துவிட்டு, மோடத்தின் மூடியைக் கழற்றி வேறு கம்பி ஏதும் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்தேன். வெளியாள் யாருமில்லை. கம்ப்யூட்டரில் போய் எந்தெந்த நேரத்தில் அந்தப் பக்கங்கள் திறக்கப்பட்டன என்று பார்த்தேன். எல்லாம் மாமா ஆபீசில் இருக்கும் நேரம். எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. கம்ப்யூட்டர் இருப்பது ஜன்னலோரத்தில். அந்தப் பெயரை அத்தனை தடவை கேட்டும் நாங்கள் இரண்டு பேரும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

நான் வாயைத் திறப்பதற்குள் அடுப்படி வாசலில் அக்காவின் குரல் கேட்டது.

"மாடிக்கெல்லாம் போகவேணாம். நான்தான்."

ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு நின்றாள். முதல் கணக்கின் கடவுச்சொல் மறந்துவிட்டதாம். அதனால் இன்னொன்று திறந்தாளாம். அது குற்றமென்று அவளுக்குத் தெரியாது. மாமா அவளையும் கம்ப்யூட்டரையும் மாறி மாறிப் பார்த்தார். கோபம் வரும் என்று நினைத்தேன். ஏன் என்று மட்டும் கேட்டார்.

"இங்க நான் ஒண்ணு கேட்டா 'ம்'னு ஒரு சத்தம் வரும். அங்க கேட்டா நாலு வரி எழுதுறீங்க" என்றாள் அக்கா.

அதற்குள் அவருடைய போன் அடித்தது. அங்கே அவரோடு எழுதும் ரிட்டயர்டு வாத்தியார், நல்ல மனிதர், உதவி செய்யத்தான் கூப்பிட்டார். மாமா விஷயத்தைச் சொன்னதும் அவர் வழி சொன்னார். வீட்டில் இருப்பவர் விவரம் தெரியாமல் விளையாட்டாகச் செய்துவிட்டார் என்று ஒரு வரி எழுதிவிடுங்கள், அந்தக் கணக்குகளை முடக்கிவிடுவார்கள், உங்கள் பெயர் தப்பித்துவிடும் என்றார். மாமா தலையாட்டிக்கொண்டே போய்க் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். எனக்குச் சுருக்கென்றது. மூட்டையை அவள் தலையில் இறக்கப்போகிறார் என்று தெரிந்தும் நான் தடுக்கவில்லை. அவர் நிர்வாகி ஆனால் எனக்குமே கொஞ்சம் பெருமைதான்.

"என் மனைவி விவரம் தெரியாமல்" என்பது வரைக்கும் அடித்திருந்தார். அக்கா அவர் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று அதைப் படித்தாள்.

"விவரம் தெரியாமலா?" என்றாள். "கூடப் பார்த்தவர் யாருன்னு இன்னுமா உங்களுக்குத் தெரியல?"

மாமா திரும்பவில்லை. விசைகளின் மேல் விரல் அப்படியே நின்றது.

"முதல் குழந்தை இல்லாமப் போச்சே, அப்போ ஆஸ்பத்திரியில கிடந்தேன். எதிர் சுவத்துல உசரமா டி.வி. ஓடிட்டிருந்தது. நீங்க கட்டில் பக்கத்துல ஸ்டூல்ல உக்காந்திருந்தீங்க. அவ சட்டை தைச்சு முடிச்சதும், அது யாருக்குன்னு என்னைக் கேட்டீங்க. எனக்குப் பதில் சொல்ல முடியல. அழுதேன். நீங்க எழுந்து போய் டி.வி.யை அணைச்சிட்டு வந்தீங்க."

அவள் குரலை உயர்த்தவில்லை. விலாசம் சொல்வது போலச் சொன்னாள். அந்தக் குழந்தையைப் பற்றி அந்த வீட்டில் பேச்சு வந்து நான் கேட்டதே இல்லை. அது ஆணா பெண்ணா என்றுகூட எனக்குத் தெரியாது. சொந்தத் தம்பி நான், கேட்டதில்லை. மோடத்தின் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே பார்ப்பதென்று தெரியாமல் நின்றேன்.

மாமா அடித்த வரியை அழித்தார். ஒவ்வொரு எழுத்தாக அழித்தார். பிறகு, நானும் பார்த்தேன், நானே சாட்சி என்று எழுதிவிடட்டுமா என்று கேட்டார். உனக்காக எழுதுகிறேன் என்றார். அக்கா அவர் பிடரியைப் பார்த்துக் கேட்டாள்.

"ஞாபகம் இருக்கா உங்களுக்கு?"

பொய் சொல்லியிருக்கலாம். அந்த நேரத்தில் யாரும் அவரிடம் சான்று கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் பொய் சொல்ல அவருக்கு வராது, அந்த ஒரு விஷயத்தில் அவரை நான் கும்பிடுவேன். ஸ்டூல் ஞாபகமிருக்கிறது, ஒரு கால் ஆடும், அடியில் காகிதம் மடித்து வைத்தேன் என்றார். டி.வி. ஞாபகமில்லை என்றார். என்ன கேட்டேன் என்பதும் ஞாபகமில்லை. சொல்லும்போது அவருடைய காது மடல் சிவந்திருந்தது. ஊரெல்லாம் அடுத்தவன் தராசில் குறை கண்டுபிடித்த மனிதர், சொந்த வீட்டில் பூனை மாதிரி ஒடுங்கிப்போய் உட்கார்ந்திருந்தார்.

"அப்போ எழுதவேணாம்" என்றாள் அக்கா.

கடைசியில் அவர் எழுதியது இப்போதும் அந்தப் பக்கத்தில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் போய்ப் படிக்கலாம். ஜன்னலோரம் என் மனைவி. அவர் எழுதுவது எனக்குத் தெரியாது. கூடப் பார்த்தவர் என்று அவர் சொன்னது என்னைத்தான். மறந்தவன் நான். வேலை இல்லாதவர், கனவு கண்டவர் என்று நான் எழுதியதற்கு வெட்கப்படுகிறேன். நிர்வாகி பொறுப்புக்கு என்னைக் கருத வேண்டாம். அவ்வளவுதான். கீழே ஒருவர் சிரிக்கும் முகம் போட்டிருந்தார். வாத்தியார் மட்டும் கை கூப்பியிருந்தார். அந்தச் சட்டை வரி கட்டுரையில் ஏறவே இல்லை. வேறு சான்று எதுவும் கிடைக்கவில்லை.

அன்றைக்கு அவர் எழுதி முடித்ததும் நான் கருவிப் பையை மூடிக்கொண்டு கிளம்பினேன். சாப்பிட்டுவிட்டுப் போ என்று அக்கா சொல்லவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. செருப்பை மாட்டும்போது உள்ளே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. மாமா அதைக் கம்ப்யூட்டர் பக்கமிருந்து இழுத்துவந்து அடுப்படி வாசலில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு சொல்லு" என்றார்.

"சீரியல்லயா?"

"இல்ல. வார்டுல."

அக்கா அடுப்பை அணைத்தாள். பிறகு நெடுநேரம் அவள் குரல் மட்டும் கேட்டது. நடுவில் ஒரு தடவைகூட அவர் எதை வைத்துச் சொல்கிறாய் என்று கேட்கவில்லை. செருப்பு மாட்டிய காலோடு நான் வாசல்படியிலேயே உட்கார்ந்திருந்தேன். எல்லாவற்றையும் கேட்டேன். பெண் குழந்தையாம்.