பருத்திக் காட்டுக்குள் வந்த குண்டாறு

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே நான் குண்டாற்றைத் தூக்கி, பேச்சியம்மாளின் பருத்திக் காட்டுக்குள் போட்டுவிட்டேன்.

தொண்ணூறுகளின் கடைசி. திருச்சுழிப் பக்கம் ஆறு தூர்வாரும் வேலை. ஆறு என்றதும் தண்ணீரைத் தேடாதீர்கள். மேடேறிய மணல், அதன்மேல் ஆள் நுழைய முடியாத சீமைக் கருவேலம், அவ்வளவுதான். எது ஆறு, எது காடு என்று கண்ணுக்குத் தெரியாது. அதற்குத்தான் ஜி.பி.எஸ். வாங்கினார்கள். கைக்கடக்கமான சாம்பல் நிறப் பெட்டி. அதன் மேனுவலைப் படித்த ஒரே ஆள் என்பதால், டிப்ளமா முடித்த கையோடு நான் 'சாட்டிலைட் சார்' ஆனேன்.

மேப்பில் இருந்த ஆற்றெல்லைப் புள்ளிகளைப் பெட்டியில் ஏற்றி, அது காட்டிய இடத்திலெல்லாம் சுண்ணாம்புக் கோடு போட்டேன். கோடு, காய் பிடித்து நின்ற பருத்திக்கு நடுவே போனது.

நிலத்துக்காரி பேச்சியம்மாள் இடுப்பில் கை வைத்து நின்றார். "ஏப்பா, ஆத்தை எப்பக் கொண்டாந்து எங்க காட்டுக்குள்ள வச்சீக?"

"ஆக்கிரமிப்பும்மா," என்றார் எங்கள் எஞ்சினியர். "வானத்துல இருந்து பாத்துச் சொல்லுது."

"வானத்துல இருந்து மழை வரக் காணோம். கோடு மட்டும் வருதாக்கும்?"

டீ குடித்ததும் பொக்லைன் பருத்திக்குள் இறங்கும் என்று உத்தரவு. எனக்குப் பெருமை தாங்கவில்லை. பெட்டியைப் பொக்லைன் படிமேல் வைத்துவிட்டு கிளாஸை வாங்கினேன். டிரைவர் எட்டிப் பார்த்தார்.

"சார், என் வண்டி மணிக்கு ரெண்டு கிலோமீட்டர் வேகத்துல போகுதுன்னு போட்டிருக்கு. சாவி என் பையில இருக்கு."

டீ முடிவதற்குள், நின்ற இடத்தில் நின்றபடியே, அந்த இரும்பு மலை பெட்டியின் கணக்கில் அறுபது மீட்டர் நடந்திருந்தது.

மேனுவலைப் புரட்டினேன். சாதாரண ஆட்களுக்கு வரும் சிக்னலை அமெரிக்க ராணுவம் வேண்டுமென்றே கலக்கித்தான் விடுகிறது, காட்டும் இடம் நூறு மீட்டர் வரை தள்ளிப் போகலாம் என்று போட்டிருந்தது. நான் படிக்காமல் தாண்டிய ஒரே பக்கம்.

"கோடு தப்பு சார்," என்றேன் எஞ்சினியரிடம்.

"சாட்டிலைட்டு தப்பாச் சொல்லுமாய்யா? உனக்குப் பாக்கத் தெரியல. வண்டிய எறக்கச் சொல்லு."

ரோட்டோரம் நின்ற அவர் ஜீப்பின் பானெட்டில் பெட்டியை வைத்தேன். பத்து நிமிஷம் எதையெதையோ பேசி அவரை அங்கேயே நிறுத்தினேன். பிறகு ஸ்கிரீனைக் காட்டினேன்.

"சார், இப்ப உங்க ஜீப்பு ஆத்துக்குள்ள நிக்குது. இதுவும் ஆக்கிரமிப்புதானே?"

பொக்லைன் டிரைவருக்குச் சிரிப்பில் புரையேறியது. எஞ்சினியர் ஸ்கிரீனையும் ஜீப்பையும் மாறி மாறிப் பார்த்தார். "அளக்குற சங்கிலிய எடுங்கய்யா."

சர்வே கல்லிலிருந்து சங்கிலி பிடித்தோம். ஆற்றெல்லை பேச்சியம்மாளின் வரப்புக்கு வெளியே, கருவேலத்துக்குள் கிடந்தது. நான் மிதித்த நாலு செடி தவிர பருத்தி முழுசாகத் தப்பியது.

ரிப்போர்ட்டில் 'செயற்கைக்கோள் உதவியுடன் துல்லியமாக' என்று எழுதச் சொன்னார் எஞ்சினியர். எழுதினேன். அன்றைய வீரம் ஜீப்போடு தீர்ந்துவிட்டது.

புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று. இப்போது சிக்னல் சுத்தம், பெட்டியும் உசத்தி. இருந்தாலும் முதலில் அதை ஒரு சர்வே கல்மேல் வைத்துவிட்டு, நிதானமாக ஒரு டீ குடியுங்கள். கல் நகர்கிறதா பாருங்கள். அப்புறம் சுண்ணாம்பைத் தொடுங்கள்.

பரளச்சி பஸ்ஸில் என்னைக் கண்டால் பேச்சியம்மாள் இன்றும் விடுவதில்லை. பஸ்ஸே கேட்கிற மாதிரி விசாரிப்பார்: "என்னப்பா, ஆறு வச்ச எடத்துலயே இருக்கா?"