கதவைச் சாத்திய பிறகு

பௌர்ணமியன்று மாலை ஐந்தேகாலுக்கு அடுத்த வீட்டுச் சிறுமி ஒரு கிண்ணத்தில் சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்தாள். என் மகளைப் போல அவளுக்கும் எட்டு வயது, ஒரே வகுப்பு. மகள் கிண்ணத்தை வாங்கி, வாசலோரக் குப்பைக் கூடையில் கவிழ்த்தாள். காலிக் கிண்ணத்தைத் திருப்பி நீட்டினாள்.

"உங்க சாமிக்குப் படைச்சது. நாங்க சாப்ட மாட்டோம்."

குரலில் கோபமே இல்லை. அந்தச் சிறுமி கிண்ணத்தை வாங்கிக்கொண்டு போனாள். நான் நான்கடி தள்ளித் துணி மடித்துக்கொண்டிருந்தேன். மீதியையும் மடித்து முடித்தேன்.

நாங்கள் கிறிஸ்தவர்கள். படைத்ததைச் சாப்பிடுவதில்லை என்பது என் அப்பா காலத்திலிருந்து வீட்டுப் பழக்கம். ஆனால் மாதாமாதம் பௌர்ணமிக்கு அடுத்த வீட்டுப் பெண்மணி பொங்கல் கொடுக்கும்போது இரண்டு கையாலும் வாங்குவேன். "எதுக்குங்க சிரமம்" என்பேன். கதவைச் சாத்திய பிறகு கொட்டிவிடுவேன். வேண்டாம் என்று சொல்லி மனதை நோகடிக்காமல் இருப்பதே அன்பு என்று நினைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் சபைப் பிள்ளைகளுக்கு அன்பைப் பற்றிப் பாடம் எடுப்பவளும் நான்தான்.

"போய் சாரி கேளு" என்றேன் மகளிடம்.

"நீயும் கொட்டுவதான?"

"அவங்க எதிர்ல கொட்ட மாட்டேன்."

"அப்ப எதிர்ல கொட்டுனதுக்கு மட்டும் சாரி கேக்கவா?"

அவள் நக்கல் செய்யவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். மடித்த துணிகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

மறுநாள் பள்ளி ஆட்டோவில் அந்தச் சிறுமி என் மகளை விட்டு டிரைவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். என் மகளுக்கு வேறு தோழி கிடையாது. மூன்று நாளும் அவளுடைய சாப்பாட்டு டப்பாவில் பாதிச் சோறு திரும்பி வந்தது. நான் இரண்டு முறை அந்த வீட்டு வாசல்வரை போனேன். உள்ளே மிக்சி ஓடிக்கொண்டிருந்தது. மணியை அழுத்தாமல் திரும்பிவிட்டேன். தலைவலி என்று பொய் சொல்லி ஞாயிறு பாடத்தை வேறொருவரிடம் கொடுத்தேன். ஜெபிக்க உட்கார்ந்தால் வாய் தானாகச் சொல்லி முடித்தது. அழுகைகூட வரவில்லை.

நான்காம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலை, அந்தப் பெண்மணியே வந்தார். எழுந்து நின்றேன்.

"பாப்பா மேல தப்பில்லைங்க. நான் கொட்டறதப் பாத்துதான் அவ…"

"தெரியும்க்கா. ரெண்டு வீட்டுக் குப்பையும் ஒரே வண்டிலதான போவுது."

"தெரிஞ்சுமா குடுத்தீங்க?"

"பக்கத்து வீட்டுக்குக் குடுக்காம எப்படிச் சாப்டறது?"

என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து நின்ற மகளை எட்டிப் பார்த்துச் சொன்னார்:

"அடுத்த மாசம் படைக்கறதுக்கு முன்னாடியே உனக்குன்னு தனியா எடுத்து வெச்சிர்றேன். அது என் வேலை. எம் பொண்ணு நீ வருவியான்னு மூணு நாளா கேட்டுனு இருக்கா. அது உன் வேலை. செருப்பப் போட்டுனு வா."