ரிப்பன் தொப்பியும் என் ஊரும்

எண்பத்தைந்தில் கனடாவில், ஸ்காபரோவில் ஒரு வீட்டு பேஸ்மெண்டில் நானும் நண்பனும் குடியிருந்தோம். மேலே வீட்டுக்காரர், மனைவி, மகள். ஹங்கேரிக்காரர்கள், ஆனால் வீட்டில் பேசுவது ஜெர்மன். இதென்ன கூத்து என்று கேட்டேவிட்டேன். அவர்களுடைய முன்னோர் ஜெர்மனியிலிருந்து ஆற்றுவழியாகப் போய் அங்கே ஊர் அமைத்தவர்களாம். தலைமுறை தலைமுறையாக இருந்தவர்களை, இரண்டாம் உலகப் போர் முடிந்ததும், நீங்கள் ஜெர்மன்காரர் என்று ஊரைவிட்டுத் துரத்திவிட்டார்கள். இலங்கையிலிருந்து ஓடிவந்த எனக்கு மேற்கொண்டு விளக்கம் தேவைப்படவில்லை.

அந்த ஊர்களின் தேவாலயத் திருவிழாவை அப்படி வந்தவர்கள் ரொறன்ரோவில் ஒரு மண்டபத்தில் விடாமல் கொண்டாடினார்கள். பெண், தன் சோடிப் பையனுக்குக் கறுப்புத் தொப்பியொன்றைக் காகிதப் பூவாலும் ரிப்பனாலும் அலங்கரித்துக் கொடுப்பாள். அவன் அதைப் போட்டுக்கொண்டு அவளோடு ஊர்வலம் வருவான். சோடியில்லாத பெண் நடக்க முடியாது. திருவிழாவுக்கு முதல்நாள் வீட்டுக்காரர் மகளின் சோடி காலை உடைத்துக்கொண்டான். அழுது சிவந்த கண்களோடு அவள் தொப்பியைத் தூக்கிக்கொண்டு கீழே வந்து, நீ வருவாயா என்று கேட்டாள். யோசிக்காமல் தலையாட்டினேன்.

அவள் போனதும் நண்பன் விழுந்து விழுந்து சிரித்தான். “மச்சான், உந்தத் தொப்பியைப் போட்டா நீ பூக்காவடிதான்!”

“ஓம், காவடிதான். நீ வந்து மேளத்தை அடி” என்றேன்.

மறுநாள் மண்டபம் அதிர வாத்தியம் முழங்கியது. எனக்குச் சந்தோஷத்தில் கால் தரையில் நிற்கவில்லை. இந்த நாட்டில் என்னை ஒரு கொண்டாட்டத்துக்கு அழைத்தது இதுவே முதல்முறை. ஒவ்வொரு சோடியின் பூர்வீக ஊரையும் மைக்கில் அறிவித்த பிறகே உள்ளே விட்டார்கள். எங்கள் ஆட்களைப் போலவே இவர்களுக்கும் முதலில் ஊர் தெரிய வேண்டும். எங்கள் முறை வந்தது. அறிவிப்பாளர் அவளுடைய ஊரைச் சொல்லிவிட்டு, என்னைப் பார்த்தபடி நின்றுவிட்டார். வெளியாளை விடலாமா என்று முன்வரிசைக் கிழவர் ஒருவர் முணுமுணுத்தார்.

வீட்டுக்காரர் எழுந்தார். “அவன் என் வீட்டில் இருக்கிறான். எங்கள் ஊர் என்றே சொல்லுங்கள்.”

நல்ல மனிதர். ஆனாலும் எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. நான் ஊரை விட்டு வந்தவன், ஊரில்லாதவன் அல்ல. மைக்கைப் பிடித்து என் ஊர்ப்பெயரை உரக்கச் சொன்னேன்.

“அது எங்கே இருக்கிறது?” என்றார் அறிவிப்பாளர்.

“இலங்கையில். இப்போது திரும்பிப் போக முடியாது.”

அறிவிப்பாளர் என் ஊர்ப்பெயரை மைக்கில் சொல்லவராமல் கடித்துத் துப்பினார். முணுமுணுத்த அதே கிழவர் எழுந்து நின்று அதட்டினார்:

“ஒழுங்காகச் சொல்லு. அது அவனுடைய ஊர்.”