ராசியை ஒரு முறை கேட்டால் போதும்

"யாருக்கு என்ன வேணும்னு இப்பவே சொல்லிடுங்க. ஆளுக்கு ஒரு நடை நான் நடக்க மாட்டேன்."

சிங்கப்பூரின் பிடோக் உணவங்காடியில் விசாலாட்சி உட்காருவதற்கு முன்பே இதைச் சொல்லிவிடுவார். பிறகு கோப்பிக் கடைக்குப் போய், தே தாரிக் இரண்டு, கோப்பி ஓ கோசோங் ஒன்று, தே சி ஒன்று என்று எல்லாருடைய தேநீரையும் காப்பியையும் ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டுத் திரும்புவார். "எனக்கு மைலோவே சொல்லியிருக்கலாம்" என்று யாராவது முனகினால், "அடுத்த வாரம் குடிங்க" என்பதோடு விசாரணை முடிந்துவிடும். ஏழு பைகளானாலும் மளிகைச் சாமானை ஒரே தடவையில் மின்தூக்கியில் ஏற்றிக்கொண்டு, விரல்கள் சிவக்க வீட்டுக்குள் நுழைபவர். இரண்டாவது நடை போவதை அவர் ஒழுக்கக் குறைவாகவே கருதுகிறார்.

இந்தக் குணத்துக்குச் சம்பளமும் கொடுக்கிறார்கள். தஞ்சோங் பகாரில் ஒரு காப்புறுதி நிறுவனத்தின் தரவுத்தளங்களைக் கட்டி மேய்ப்பது அவர் வேலை. யாரையும் கடிந்துகொள்ள மாட்டார். நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று, "இது எத்தனை தடவை ஓடும்?" என்று மட்டும் கேட்பார். கேள்விக்கு ஆளானவருக்கு அன்று மதியச் சாப்பாடு இறங்காது.

ஞாயிற்றுக்கிழமைகளில் சிராங்கூன் சாலைக்குக் கொஞ்சம் தள்ளியிருக்கும் ஒரு கோயிலில் தொண்டு செய்கிறார். கோயிலின் பெயர் வேண்டாம், எல்லாரும் வேண்டியவர்கள். அங்கேதான் சனிப்பெயர்ச்சிக்கு முந்தைய வாரம் அருண்ராஜின் மானம் ஊசலாடியது.

அருண்ராஜ் தூத்துக்குடிக்காரர். நாற்பதைத் தாண்டியவர். கப்பல் பட்டறையில் பொறியாளர். ஓராண்டு ஞாயிறுகளைக் காணிக்கையாக்கி, அர்ச்சனைச் சீட்டு வழங்கும் நிரல் ஒன்றைக் கோயிலுக்கு எழுதிக் கொடுத்திருந்தார். அதன் மணிமுடி ஒரு ஃபங்ஷன். அதாவது தரவுத்தளத்துக்குள்ளேயே குடியிருக்கும் கணக்குப்பிள்ளை. பிறந்த தேதி, நேரம், ஊர் மூன்றையும் கொடுத்தால் சந்திரன் நின்ற இடத்தைப் பிடித்து ராசி, நட்சத்திரம் இரண்டையும் சொல்லிவிடும். எண்பத்திரண்டுக்கு முன் சிங்கப்பூர்க் கடிகாரம் அரை மணி பின்தங்கி ஓடியதுகூட அதற்குத் தெரியும்.

ஒத்திகையன்று சீட்டு முகப்பில் உட்கார்ந்திருந்த தொண்டர் வித்யா, பெயர் பதிந்த பக்தர்களில் மீன ராசிக்காரர்களின் பட்டியலைக் கணினியிடம் கேட்டார். திரையில் ஒரு வட்டம் சுழன்றது. சுழன்றுகொண்டே இருந்தது. பக்தகோடிகளின் வேடத்தில் வரிசையில் நின்ற தொண்டர்கள் ஒவ்வொருவராக நிழல் தேடிப் போனார்கள்.

"சனி பகவானே அடுத்த ராசிக்குப் போயிடுவாரு, இது இன்னும் சுத்திக்கிட்டு இருக்கும் லா" என்றார் நிர்வாகக் குழுத் தலைவர் சின்னத்தம்பி. பழைய ரசீதுப் புத்தகத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். சாயங்காலத்துக்குள் சரியாகாவிட்டால் கணினி மூட்டை கட்டப்படும் என்று அதற்குப் பொருள்.

"கம்ப்யூட்டர் சின்னது, அண்ணே. பெருசா ஒண்ணு வாங்கிட்டா..." என்று அருண்ராஜ் இழுத்தார்.

விசாலாட்சி அவர் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். "மீன ராசின்னு கேட்டா, உங்க ஃபங்ஷன் எத்தனை பேருக்கு ஓடுது?"

"பதிஞ்ச எல்லாருக்கும்தான், மேடம். அப்பத்தானே யாரு மீனம்னு தெரியும்?"

"அடுத்து மேஷம்னு கேட்டா?"

"மறுபடியும் எல்லாருக்கும்."

"போன வாரம் மீனமா இருந்தவரு இந்த வாரம் மாறிட்டாரா?"

"அதெப்படி மாறும்? பொறந்தப்பவே..."

கணக்கு சின்னதுதான், போக்குவரத்துதான் பெரிது. ஒவ்வொரு பெயருக்கும் கணக்குப்பிள்ளை எழுந்து, செருப்பை மாட்டி, வந்து, கணக்குப் போட்டு, திரும்பிப் போய் உட்கார வேண்டும். அடுத்த பெயருக்கு மறுபடியும் செருப்பு. பல்லாயிரம் பெயர்கள். "நீங்க கணக்குப்பிள்ளைக்குப் புதுச் செருப்பு வாங்கித் தரப் பார்க்கிறீங்க" என்றார் விசாலாட்சி. "நடையைக் குறைங்க."

"அப்போ ஃபங்ஷனைத் தூக்கிடவா, மேடம்?" பெற்ற பிள்ளையைத் தத்துக் கொடுக்கப் போகிறவரின் குரல் அது.

"எதுக்கு? நான் பார்த்ததுலயே அழகான கணக்கு. பேரு பதியறப்ப ஒரே ஒரு தடவை கூப்பிடுங்க. ராசியைப் பேரு பக்கத்துலயே எழுதி வச்சிடுங்க. அப்புறம் யார் கேட்டாலும் எழுதினதைப் படிச்சாப் போதும்."

ஏற்கெனவே பதிந்த பெயர்களுக்கெல்லாம் அருண்ராஜ் ஒரே ஒரு தடவை ஃபங்ஷனை ஓட்டி, ராசியை எழுதி வைத்தார். சாயங்காலம் வித்யா மறுபடியும் மீனத்தைக் கேட்டார். விரலை எடுப்பதற்குள் பட்டியல் வந்து நின்றது. அவ்வளவு வேகம் சின்னத்தம்பிக்குச் சந்தேகத்தைக் கொடுத்தது. தன் மைத்துனரின் ராசியைத் தேடிப் பார்த்து, அதுவும் சரியாக இருந்ததில் சற்று ஏமாந்தார். "பழைய பேரு சரி லா. புதுப் பேரு ஏறுதான்னு பாத்துட்டுச் சொல்றேன்" என்றார். புத்தகம் மடியைவிட்டு இறங்கவில்லை.

தரிசனத்துக்கு வந்திருந்த ஒரு தம்பதி, பிறந்து நாற்பது நாளே ஆன குழந்தையுடன் முகப்புக்கு வந்தார்கள். வித்யா பெயரையும் பிறந்த நேரத்தையும் தட்டினார். ஒரேயொரு குழந்தைக்காகக் கணக்குப்பிள்ளை எழுந்தார். திரையில் அந்த வட்டம் மறுபடியும் தோன்றியது. அருண்ராஜ் கண்ணை மூடிக்கொண்டார். சின்னத்தம்பி கழுத்தை நீட்டினார்.

விசாலாட்சி அவசரப்படாமல் தன் கைப்பையைத் தூக்கி, தலைவரின் கண்ணுக்கும் திரைக்கும் நடுவில் வைத்தார். 'நட்சத்திரம்: ரேவதி, ராசி: மீனம்' என்று திரையில் விழுந்த பிறகுதான் எடுத்தார்.